பழைய இரும்புக் கடைக்குப் போன அப்பாவின் டிராக்டர்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட நிலத்தில் இருந்த கொட்டகையைப் போன மாதம் பிரித்தோம். ஒரு காலத்தில் அங்கே முழுக்கப் பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). கொட்டகைக்குள் கிடந்ததெல்லாம் அவர் காலத்துச் சாமான்கள்: ஓடாத மாஸி பெர்கூசன் 135 டிராக்டர், துருப்பிடித்த டிரெய்லர், ரப்பர்ப் பாலை ஷீட்டாக அழுத்தும் கை மிஷின் ஒரு ஜோடி, செம்பனைக் குலை வெட்டும் வளைந்துபோன கம்புகள், மருந்து அடிக்கும் பம்பு, செத்த பேட்டரிகள். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வந்தவர், தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) "சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு சுற்றுவாரே, அந்த லோரிக்காரர். கொட்டகையை எட்டிப் பார்த்தார், டிராக்டரைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "எல்லாம் சேர்த்து ஒரே விலை, இன்றைக்கே ஏற்றிக்கொள்கிறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் பிழைப்பு. ஆனால் விலை பேசும்போது அவர் கண் ரேடியேட்டர் மேலேயே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கண் ஏன் அங்கே போனது என்றால், அந்தக் காலத்து டிராக்டர் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். டைனமோவுக்குள்ளும் ஸ்டார்ட்டருக்குள்ளும் செம்புக் கம்பிச் சுருள். செம்பனைக் கம்பு அலுமினியம். கிலோவுக்கு இரும்பு விற்கிற விலை எங்கே, செம்பு விற்கிற விலை எங்கே! எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப்போட்டு நிறுத்தால் செம்பும் இரும்பு விலைக்குத்தான் போகும். அதனால் வீட்டிலேயே பிரித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் ஒரு குவியல், ஒட்டாவிட்டால் இன்னொன்று.

டயர் விஷயம் தனிக்கதை. பின் டயர் வழுக்காமல் இருக்க உள்ளே தண்ணீர் ஏற்றி வைப்பது டிராக்டர்க்காரர்களின் வழக்கம். தம்பி வால்வைத் திருகியதும் கறுப்புத் தண்ணீர் பீறிட்டு அடித்து, அவன் சட்டையை நனைத்து, கொட்டகை முழுக்க நாற்றம். எத்தனை வருடத் தண்ணீரோ! முழுக்க வடியும்வரை உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அந்தத் தண்ணீரோடு ஏற்றிப் போயிருந்தால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடையில் ஒரு கழிவு போட்டிருப்பார்கள். சக்கரத்தில் அப்பிய மண்ணுக்கும் அதே கதைதான்.

அப்புறம் கிரேன் லோரி பிடித்து, கோலகங்சார் போகிற வழியில் இருக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். சாமானோடு ஒரு தடவை நிறுத்து, இறக்கிவிட்டு வெறும் லோரியை மறுபடி நிறுப்பார்கள். முதல் தடவை லோரிக்குள் யார் யார் இருந்தார்களோ அவர்களே இரண்டாம் தடவையும் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருடைய எடையாவது கணக்கில் புகுந்துகொள்ளும். தராசுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைத் தவுக்கே (முதலாளி) அறுபது தாண்டிய சீனர். "அண்ணே, இந்த மிஷின் எந்தத் தோட்டத்துது?" என்று சுத்தமான தோட்டத்துத் தமிழில் கேட்டார். அவருடைய அப்பா ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளோடுதான் வளர்ந்தாராம். சுத்தியலை எடுத்து டிரெய்லர் தகட்டில் தட்டினார், கணீர் என்றது. ஷீட் மிஷின் காலில் தட்டினார், மந்தமான சத்தம். "இது வார்ப்பு இரும்பு. ஓங்கி அடிச்சா பிஸ்கட் மாதிரி உடையும். நான் எடுத்தா உடைசல் இரும்பு விலைதான் கிடைக்கும்" என்றார்.

நான் சரி, போடுங்கள் என்றேன். அவர் உருளையின் வரிகளை விரலால் தடவிக்கொண்டே, "வேணாம்ணே, வீட்டுக்குக் கொண்டு போங்க. ஈப்போவுல காப்பிக்கடை வைக்கிற பையன்கள் அலங்காரத்துக்கு இதைத் தேடித்தான் அலையறானுங்க. நான் கொடுக்கறதைவிட நல்ல விலை கொடுப்பானுங்க" என்றார். பழைய இரும்பு வாங்குகிறவரே வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அங்கேதான்.

1877-இல் வந்த ரப்பர் மரங்களில் ஒன்றைக் கோலகங்சாரில் வேலி போட்டு, பலகை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த மர வம்சத்தின் பாலை ஷீட்டாக்கிய மிஷின்கள் பினாங்கு பிறைப் பக்கத்து எஃகு ஆலைகளில் உருகிப்போகின்றன. எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. காப்பிக்கடையில் பூந்தொட்டி தாங்கி நிற்பதும் பெரிய கௌரவம் இல்லைதான்.

வந்த கருத்துகள்

முன்னாள் டிராக்டர் டிரைவர், தாப்பா

நல்லா எழுதியிருக்கீங்க. ஒன்று விட்டுப்போச்சு. ரோட்டில் ஓட்டப் பதிவு செய்த டிராக்டர் என்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் வெட்டக் கொடுக்கணும். இல்லையென்றால் வண்டி உங்கள் பேரிலேயே நிற்கும், நாளைக்கு யாராவது அந்த நம்பர் பிளேட்டை வேறெதிலாவது மாட்டினால் நீங்கதான் பதில் சொல்லணும். அப்பா பேரில் இருந்தால் அலைச்சல் இன்னும் ஜாஸ்தி. 135-இன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் சுழன்றால் வெட்டவே கொடுக்காதீங்க, உதிரிபாகத்துக்கு ஆள் இருக்கிறது.

பீடோர் அக்கா

அந்த மருந்துப் பம்பு என்ன ஆச்சு தம்பி? அதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் அம்மா வருடக்கணக்கில் அதை முதுகில் சுமந்து பாராக்குவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். விரல் நகமெல்லாம் நிறம் மாறிப்போயிருக்கும். 2020 ஜனவரியிலிருந்து அந்த மருந்துக்கு நாட்டில் தடை. ஆனால் ஸ்டோர் மூலையில் பழைய கேன் இன்னும் உட்கார்ந்திருக்கும். நாங்கள் பித்தளை நாசிலுக்கு ஆசைப்பட்டுப் பம்பைக் கொண்டுபோனோம். கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி. பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள், கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவே பிடிக்காதீங்க.

லோரிக்காரன்

கடையில் ஐசி (அடையாள அட்டை) கேட்டால் கோபப்படுகிறார்கள் சிலர். பழைய சாமான் வாங்கி விற்பவருக்கு என்று 1946-லேயே சட்டம் இருக்கு, போலீஸ் லைசென்ஸ் வேணும், யாரிடம் என்ன வாங்கினோம் என்று புத்தகத்தில் எழுதணும். ஒருநாள் நான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பையன்கள் புத்தம்புது தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்தார்கள். பெயிண்ட்கூட உரியவில்லை. தவுக்கே ஐசி கேட்டார். "மோட்டார் சைக்கிளில் இருக்கு, எடுத்துட்டு வர்றோம்" என்று போனவர்கள்தான், பம்பையும் விட்டுட்டு ஓட்டம். ஐசி கேட்காத கடைக்கு நான் சாமான் ஏற்றுவதில்லை.

மீண்டும் நான்

அக்கா, பம்பு கொட்டகையிலேயே பூட்டிக் கிடக்கிறது, கடைக்கு அனுப்பவில்லை. டிரைவர் அண்ணே, டிராக்டர் தோட்டத்துக்குள்ளேயே ஓடியது, பதிவு கிடையாது. பேட்டரியைத் தனியாகக் கொடுத்தேன், ஈயத்துக்கு நல்ல விலை. ஆனால் அமிலத்தை வடித்துவிட்டு வரச் சொன்ன ஒரு கடையும் இருந்தது. அங்கே கொடுக்கவில்லை. அமிலத்தோடு மூடி இறுகியபடி வாங்குகிற இடமாகப் பாருங்கள். ஷீட் மிஷினைக் கேட்டு ஈப்போவிலிருந்து ஒருவர் பேசினார், உருளையில் வரி போட்ட மிஷின் மட்டும் வேண்டுமாம். ஜோடியாகத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.