மறு: ஆக்டிவ் ஃப்ரன்டேஜ் – ‘உயிர்ப்பு முகப்பு’ சரிவருமா?

> ‘செயல்முகப்பு’ கணினிக்காரர்கள் சொல் போல இருக்கிறது. பேசாமல் ‘உயிர்ப்பு முகப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம்.

‘ஆக்டிவ் ஃப்ரன்டேஜ்’ என்பது தெருவில் நடப்பவரோடு வாசல், ஜன்னல் வழியாகத் தொடர்பு வைத்திருக்கும் கட்டட முகப்பு. அதற்குச் ‘செயல்முகப்பு’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ‘உயிர்ப்பு’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கட்டுரைக்கான சொல் இல்லை, நகர வடிவமைப்பு விதிக்குள் உட்காரப்போகிற சொல். அளக்க முடியாத சொல்லை விதியில் வைத்தால் கட்டுமானக்காரர் தன் வசதிக்கு வளைத்துக்கொள்வார். தெருப்பக்கம் நீளமாகக் கண்ணாடி பதித்து உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, ‘உயிர்ப்பு இருக்கிறதே’ என்பார். ஏறி இறங்க ஒரு கதவு இருக்காது.

டென்மார்க் நகர வடிவமைப்பாளர் யான் கெல் தெருவோரக் கட்டடங்களைத் தரம் பிரிக்கும்போது வாசல்களை எண்ணுகிறார். 100 மீட்டருக்கு 15 முதல் 20 வரை இருந்தால் முதல் தரம். இரண்டைத் தாண்டாவிட்டால் கடைசித் தரம். நம் பெங்களூரிலேயே பாருங்கள். கமர்ஷியல் தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த கடை வாசல் வந்துவிடும். அத்தனை நெரிசலிலும் நடை அலுக்காது. கப்பன் ரோட்டில் ராணுவ மதிலை ஒட்டி நடந்தால் தூரம் குறையவே குறையாது. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லா அகலம் கேட்டது. சரி, மதிலோரம் அதைக் கொடுத்துவிட்டால் மட்டும் யார் நடக்கப்போகிறார்கள்?

ஆகவே என் பரிந்துரை ‘வாசல்முகப்பு’. எதிர்ச்சொல் ‘சுவர்முகப்பு’. விதியில் போட்டுப் பார்த்தேன்: “தரைத்தளத்தின் தெருப்பக்க நீளத்தில் பாதிக்குக் குறையாமல் வாசல்முகப்பாக இருக்க வேண்டும்.” உறுத்தவில்லை.

‘வாசல்முகப்பு’ என்றால் வீட்டு போர்டிகோ என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வந்தால் அது நியாயமானதுதான். சேர்த்து எழுதி, சுவர்முகப்போடு இணையாக வரையறுத்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். அதைத் தவிர்க்க ‘பல்வாசல் முகப்பு’ என்றும் யோசித்தேன். சிவாஜிநகரில் சொன்னால் பள்ளிவாசலுக்கு வழி காட்டுவார்கள்.

ஜன்னல்? வாசலோடு சேர்ந்து வந்தால் கணக்கில் எடுக்கலாம், தனியாக வேண்டாம்.

மதிலோரம் நிற்கும் தள்ளுவண்டியும் கணக்கில் வருமா என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் தெருவைக் கலகலப்பாக்கும்தான். ஆனால் அது கட்டடத்தின் கணக்கில் வராது. நடைபாதைப் பட்டைகளுக்குச் சொல் தேடும் இழையில் அதை எடுத்துக்கொள்வோம்.

– அல்சூரிலிருந்து