கண்டக்டிங் (இசைக்குழுவைக் கையசைத்து நடத்தும் கலை) முதுகலை: ஆடிஷன் வீடியோ எப்படி எடுப்பது?

முத்தியால்பேட்டை ஆல்டோ:
வணக்கம். புதுச்சேரியில் 18 பேர் கொண்ட தேவாலயப் பாடகர் குழு இருக்கிறது, ஆர்கெஸ்ட்ரா கிடையாது. வெளிநாட்டு முதுகலைக்கு முதல் சுற்றில் வீடியோ கேட்கிறார்கள். எதைப் பதிவு செய்வது?

கடலூர் ஓ.டி.:
கோரல் பிரிவு, அதாவது பாடகர் குழுவை நடத்துவது என்றால் அந்த 18 பேரே போதும். கேமராவைப் பாடகர்கள் பக்கம் வையுங்கள். உங்கள் முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். கல்யாண வீடியோக்காரரிடம் விட்டால் உங்கள் முதுகைத்தான் எடுப்பார். கச்சேரியைவிட ஒத்திகைப் பகுதி முக்கியம்: தவறைக் கேட்டு, நிறுத்தி, எந்த பார் (இசைத்தாளில் ஒரு தாளக் கட்டம்) என்று சொல்லி, திருத்தி, மறுபடி பாட வைப்பது வெட்டாமல் இருக்கணும். கடற்கரைப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள், மைக்கில் காற்று இரையும்.

நாலாம் கோடு:
ஆர்கெஸ்ட்ரா பிரிவு என்றால் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த இசைத்தாள்) வாசிப்புதான் கண்டம். வயோலாவுக்கு ஆல்டோ கிளெஃப், அதாவது கோடுகளில் சுரங்களின் இடம் பியானோ தாளில் இருப்பதுபோல் இராது. பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ச–ரி2 தூரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ச–ப தூரம் கீழே. பியானோவில் கிரேடு 8 தேர்வு முடித்தவர்களும் இங்கே சறுக்குவார்கள். பீத்தோவனின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதிக்குப் பெயர் மினுவெட் (மூன்று எண்ணிக்கை நடனம்). பெயரை நம்பி மூன்று மூன்றாகத் தட்டினால் கை களைத்து வேகம் விழும். அது வேகமான பகுதி, பாருக்கு ஒரே வீச்சு.

முத்தியால்பேட்டை ஆல்டோ:
கோரல்தான். குழு தொடக்கத்திலேயே வேகம் குறைந்து இழுக்கிறது, ஏன்?

கடலூர் ஓ.டி.:
முன்வீச்சை, அதாவது பாட்டு தொடங்கும் முன் நீங்கள் கொடுக்கும் கை வீச்சைப் பாருங்கள். அது பாட்டின் வேகத்திலேயே ஓர் எண்ணிக்கை இருக்கணும், நீங்களும் கூடவே மூச்சு இழுக்கணும். அது மெதுவானால் முதல் பாரும் மெதுவாகத்தான் வரும். இடது கை வலது கையின் நிழலாக ஆட வேண்டாம். நுழைவுக்கும் ஒலி அளவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.