கேட்காமல் வைத்த வெள்ளரிக் கிண்ணத்துக்கு ஆளுக்கு 350 ரூபாயா?

மயிலை சேகர்
நேற்று ஒரகடம்காரன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நம்மூர் நட்சத்திர ஓட்டல் ஒன்றுக்குள், புத்தக அலமாரி மாதிரி இருக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டிய அந்தச் சின்ன ஜப்பானிய பாரைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "முதல் கிண்ணத்துக்குக் காசு கேட்டால் சண்டை போடும் ஆட்கள் டாஸ்மாக்கோடு நின்றுகொள்ளவும்." அங்கே பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவன் நான். பெயர் சொல்லாமல் குத்தினால் எனக்கு உறைக்காது என்று நினைப்பா?

நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு கொடுத்தார்கள், சரி. பின்னாலேயே உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கிண்ணம் வந்தது. எள் தூவிய வெள்ளரி ஐந்தாறு வில்லை, வினிகர் வாசனை. நாங்கள் யாரும் கேட்கவில்லை, மெனுவிலும் இல்லை. பில்லில் ஆளுக்கு 350, மூன்று பேருக்கு 1,050. அதற்குக் கீழே பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். பார் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. பனிக்கட்டியைக் கத்தியால் சீவிச் சீவி அந்தப் பையன் கோப்பைக்குள் இறக்கிய அழகுக்கே இன்னொரு தடவை போகலாம். கேட்காத பொருளுக்கு எதற்குக் காசு? இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

ஒரகடம்காரன்
சேகர் சார், அதன் பெயர் ஒட்டோஷி. ஜப்பானில் இசகாயா என்கிற, சாப்பாடும் குடியும் சேர்ந்த கடையிலோ சின்ன பாரிலோ உட்கார்ந்தால் முதலில் வருவது அதுதான். பெரும்பாலும் 300 முதல் 500 யென் இருக்கும். வேண்டாம் என்றாலும் பல கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அது நீங்கள் உட்கார்ந்த இடத்துக்கான காசு. எட்டுப் பேர் உட்காரும் கடையில் ஒருவர் விஸ்கியும் சோடாவும் கலந்த ஒரே ஒரு ஹைபாலோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? எங்கள் கம்பெனி என்னை ஜப்பானுக்கு அனுப்பியபோது நேரில் பார்த்த வழக்கம் இது. வலையில் படித்துவிட்டு எழுதுபவன் அல்ல நான்.

மயிலை சேகர்
ஜப்பானில் 500 யென் என்றால் நம் காசுக்கு என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள். இங்கே வாங்கியது 350 ரூபாய். சரி, விலையை விடுங்கள். டோக்கியோவில் ஷின்ஜுகு பக்கம் கோல்டன் காய் என்று ஒரு இடம். ஆறே ஆறு சந்து, இருநூறுக்கு மேல் குட்டி பார்கள். நீங்கள் போயிருப்பீர்கள், நானும் போயிருக்கிறேன். பல கடைகளில் இருக்கைக் கட்டணம் இவ்வளவு என்று கதவிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். படித்துவிட்டு உள்ளே போவதும் போகாததும் நம் இஷ்டம். இங்கே எங்கே ஒட்டியிருந்தது? அலமாரி மாதிரிக் கதவில் பலகை மாட்ட இடமில்லையா?

நித்யா அடையாறு
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. இசகாயா வேற, டோக்கியோ கின்ஸா ஏரியாவில் இருக்கிற மாதிரி காக்டெயில் பார் வேற, ஸ்நாக் பார்னு ஒரு மாமா-சான், அதாவது கடைக்கார அம்மா, நடத்துற கடை வேற. மூணிலயும் பில் போடுற முறையே வேற வேற. இசகாயாவில் வயிறு நிறையச் சாப்பிடுவாங்க. கின்ஸா பாரில் பேச்சே மெதுவாத்தான் இருக்கும். ஸ்நாக்கில் பாட்டிலை வாங்கி, நம்ம பேர் எழுதி, அங்கேயே வெச்சுட்டு வரலாம். அமைந்தகரையில் ஜப்பானிய மொழி படிச்சப்போ எங்க வகுப்பில் முதல்லயே தெளிவாக்கின விஷயம் இது. நீங்க பேசுற ஓட்டல் பார் இதில் எந்த வகைன்னு முடிவு பண்ணாம ஒட்டோஷி சரியா தப்பான்னு எப்படிப் பேசுறது?

மயிலை சேகர்
எந்த வகையாக வேண்டுமானாலும் இருக்கட்டும் நித்யா. கிண்ணத்தை நான் கேட்டேனா?

ஒரகடம்காரன்
கேட்டால்தான் வர வேண்டும் என்றால் அந்த ஈரத் துண்டையும் நீங்கள் கேட்கவில்லையே. முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள் இல்லையா?

மயிலை சேகர்
துண்டுக்குக் காசு போடவில்லை. போட்டிருந்தால் அதையும் கேட்டிருப்பேன்.

வியாசை வேலு
இன்னாபா இது, டாஸ்மாக்கோட நின்னுக்கோன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு, யாருமே அதைப் பத்திப் பேசல. எங்க ஏரியா டாஸ்மாக் பார்ல தட்டுல சுண்டல், மாங்கா, வேகவெச்ச முட்டைன்னு எடுத்துட்டு வருவான். வேணுமான்னு கேப்பான், வேணும்னா வெப்பான், வெல சொல்லிட்டு வெப்பான். கேக்காம வெச்சுட்டு அப்பால காசு கேட்டான்னா அன்னிக்கே ஏழரைதான். அந்த நாகரிகம்கூட உங்க அலமாரிக் கதவு ஓட்டல்காரனுக்கு இல்ல. அப்புறம் டாஸ்மாக்கைக் கேவலமாப் பேசாதீங்க சார்.

ஒரகடம்காரன்
வேலு, டாஸ்மாக்கை நான் கேவலப்படுத்தவில்லை. ஒரு கைத்தொழிலைப் பற்றிப் பேசுகிறேன். கின்ஸாவில் கசுவோ உயேதா என்பவர் காக்டெயில் கலக்கும் ஷேக்கர் குவளையைக் குலுக்குவதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். ஹிதெட்சுகு உஎனோ பனிக்கட்டியை வைரம் மாதிரிப் பட்டை தீட்டுவார். ஒரு கோப்பைக்கு அவ்வளவு உழைப்பு. மிகச் சிறிய இடம், மிகக் குறைந்த ஆட்கள். அதைச் சென்னைக்குக் கொண்டுவர ஒருவர் துணிந்திருக்கிறார். அவரிடம் போய் வெள்ளரிக்காய்க் கணக்குக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மயிலை சேகர்
உழைப்புக்குக் காசு கோப்பையின் விலையிலேயே இருக்கிறது. ஹைபால் என்ன விலை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். மறுபடியும் கேட்கிறேன், கிண்ணம் வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா? ஜப்பானில் டிப்ஸ் வாங்க மாட்டார்கள், அதனால் இருக்கைக் காசு என்றால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. இவர்கள் கிண்ணத்துக்கும் வாங்கி, சர்வீஸ் சார்ஜும் போட்டு, டிப்ஸ் உறையையும் பில்லோடு வைத்தார்கள். எந்த ஊர் வழக்கம் இது? இரண்டு ஊரிலும் கடைக்காரனுக்கு லாபமானதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வதா?

ஒரகடம்காரன்
கின்ஸாவிலும் இருக்கைக் காசும் பத்து சதவீத சர்வீஸும் சேர்த்து வாங்கும் பார்கள் உண்டு. தெரியாமல் பேச வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
கின்ஸாவில் என்ன வாங்கினாலும் இங்கே செல்லாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. அதனால் சேகர் சாரின் பத்து சதவீதத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கிண்ணம் உணவு என்பதால் அதற்கு ஜிஎஸ்டி. மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதற்கு மாநில வாட். பில்லில் இரண்டும் தனித்தனியாக இருந்ததா?

மயிலை சேகர்
தனித்தனியாகத்தான் இருந்தது. வெள்ளரிக்கு ஜிஎஸ்டி வேறு! "வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது", இந்த வரியை ஒரகடம்காரன் மூன்று தடவை படிக்கட்டும். உட்கார்ந்ததற்குக் காசு வாங்கிவிட்டு அதற்கு வெள்ளரி என்று பெயர் வைத்தால் அது வேறு பெயர் இல்லாமல் என்ன?

ஒரகடம்காரன்
பொருளே கொடுக்காமல் வாங்குவதுதான் சர்வீஸ் சார்ஜ். இங்கே பொருள் கொடுத்தார்கள், நீங்களும் சாப்பிட்டீர்கள். சாப்பிட்டீர்களா இல்லையா?

மயிலை சேகர்
முன்னால் வைத்தால் சாப்பிடாமல் பூஜையா செய்வார்கள்?

நித்யா அடையாறு
எனக்கு எரிச்சல் கிண்ணத்து மேல இல்ல, அந்த அலமாரிக் கதவு மேலதான். ஜப்பானிய பார் ஒளிஞ்சிருக்கும்னு யார் சொன்னது? ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி கடை இருக்கும், வெளிச்சுவரில் வரிசையா பேர்ப் பலகை தொங்கும். எட்டாவது மாடியில் இருக்கும், ஆனா பலகை தெருவிலயே தெரியும். ரகசியக் கதவு அமெரிக்காக்காரன் மதுவிலக்குக் காலத்துச் சமாச்சாரம், 1920-லேர்ந்து 1933 வரைக்கும். பின்னாடி 1993-ல் நியூயார்க்கில் ஏஞ்சல்ஸ் ஷேர்னு ஒரு பார் வந்தது. அப்போ ஒரு ஜப்பானிய உணவகத்துக்குள்ள போய்த்தான் அதுக்குள்ள நுழைய வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அதே ஊர்ல மில்க் அண்ட் ஹனின்னு இன்னொரு பார், அப்புறம் உலகம் பூரா இந்தக் கதவு மோகம். நீங்க டோக்கியோன்னு கொண்டாடுற கதவு நியூயார்க் வழியா வந்த கதவு.

ஒரகடம்காரன்
கியோட்டோவில் தெரிந்தவர் அறிமுகம் இல்லாமல் புது ஆளை உள்ளேயே விடாத கடைகள் இருக்கின்றன. அது ஒளிவு இல்லையா? மொழி வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

நித்யா அடையாறு
வகுப்பைப் பத்தி இந்தக் கிண்டல் வேண்டாம். ராமென், அதான் ஜப்பானிய நூடுல்ஸ் சூப், பத்திப் பேசினப்பவும் இதே மாதிரிதான் பண்ணினீங்க. பன்றி எலும்பு சூப் நம்மூர் நாக்குக்குப் பிடிக்காதுன்னு அடிச்சுச் சொன்னீங்க. இன்னைக்கு நுங்கம்பாக்கத்தில் போய்ப் பாருங்க, சாப்பிடுறதில் பாதிப் பேர் நம்ம ஆளுங்கதான். தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களா? இல்ல.

வியாசை வேலு
கதவு மேட்டர்ல நானும் ஒண்ணு சொல்றேன். டாஸ்மாக் பாரை விட்டா நம்மூர்ல பார் வெக்கணும்னா பெரும்பாலும் ஸ்டார் ஓட்டல், இல்லாட்டி கிளப். எஃப்எல் 3, எஃப்எல் 2 லைசன்ஸ் இல்லாம தெருவுல தனியா கடை போட முடியாது. சில்லறைக் கடை 2003-லேர்ந்தே டாஸ்மாக் கையில. அப்படி இருக்க, ஓட்டல் லாபியில செக்யூரிட்டி சல்யூட் வெச்சு, லிஃப்டுல ஏத்திவிட்டு, அப்புறம் ரகசியக் கதவாம். யாருக்கு ரகசியம்?

மயிலை சேகர்
வேலு சொன்னது நூத்துக்கு நூறு. ரகசியமாக இருந்தது கிண்ணத்தின் விலை ஒன்றுதான்.

ஒரகடம்காரன்
எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல கடையை மூட வைத்துவிடுங்கள். பிறகு சென்னையில் ஒன்றுமே இல்லை, பெங்களூரைப் பார், மும்பையைப் பார் என்று நீங்களே புலம்புவீர்கள். அந்தப் பனிக்கட்டி ஒன்றுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போவேன். கண்ணாடி மாதிரி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மெதுவாக உறைய வைத்தால்தான் காற்று மறுபக்கம் தள்ளப்படும். சென்னையில் இதற்கு முன் யார் செய்தார்கள்?

வியாசை வேலு
யார் செஞ்சாங்களா? எங்க மாமா காசிமேட்டுல ஐஸ் ஃபேக்டரியில இருந்தவரு. கேன்ல தண்ணி உறையும்போது உள்ள காத்து விட்டுக் கலக்கிக்கினே இருப்பாங்க. நடுவுல கலங்கலா நிக்கிற தண்ணிய உறிஞ்சிட்டு நல்ல தண்ணி ஊத்துவாங்க. பாளம் அப்படியே கண்ணாடிதான். மீனுக்குப் போற ஐஸ்னு எளக்காரமாப் பேசுவீங்க. வேல தெரிஞ்சவன் இங்கயும் இருந்தான் சார்.

கணக்குப்பிள்ளை
மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டியது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியை வைத்திருந்தார்கள். ஐஸ் அவுஸ் என்ற பெயர் இன்னும் போகவில்லை. சென்னைக்காரனுக்குத் தெளிந்த பனிக்கட்டியை ஒரகடம்காரன் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஒரகடம்காரன்
கிடங்கில் வைத்திருந்ததும் கோப்பைக்குள் சீவிப் போடுவதும் ஒன்றா? காசிமேட்டுப் பாளத்தை ஹைபாலில் போட்டுக் குடிப்பீர்களா வேலு?

வியாசை வேலு
நாங்க இன்னாத்தப் போட்டுக் குடிக்கிறோம்னு நீங்க கவலப்படாதீங்க. அந்த "டாஸ்மாக்கோட நின்னுக்கோ"வை மொதல்ல வாபஸ் வாங்குங்க.

ஒரகடம்காரன்
எழுதியது எழுதியதுதான். அது வேலுவுக்கு எழுதியது அல்ல.

மயிலை சேகர்
அப்படியானால் எனக்கு எழுதியது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நல்லது. ஐஸ் அவுஸ், காசிமேடு, கியோட்டோ என்று ஊரைச் சுற்றி வந்துவிட்டோம், என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஜப்பானை எனக்கும் பிடிக்கும். அங்கே ஒரு குட்டி பாரில், நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்த ஒரு பெரியவர், உட்காருவதற்கு முன்பே விரலை நீட்டிச் சுவரில் எழுதியிருந்த கட்டணத்தைக் காட்டினார். நான் தலையாட்டிய பிறகுதான் கிண்ணம் வைத்தார். எத்தனை கோப்பை குடித்தேன் என்பது மறந்துவிட்டது, அந்த விரல் மறக்கவில்லை. விருந்தாளிக்குத் தரும் மரியாதை என்றால் அதுதான். அதை விட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் இறக்குமதி செய்தால் நான் கேட்கத்தான் செய்வேன். அடுத்த தடவையும் கேட்பேன்.

ஒரகடம்காரன்
அந்தப் பெரியவர் நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்பதால் காட்டியிருப்பார். உள்ளூர்க்காரருக்கு யாரும் காட்டுவதில்லை.

மயிலை சேகர்
சென்னைக்காரனுக்கு ஒட்டோஷி வெளிநாட்டு வழக்கம்தானே? இங்கேயும் காட்ட வேண்டியதுதானே!

நித்யா அடையாறு
இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரா பதில் சொல்லுங்க ஒரகடம்.

ஒரகடம்காரன்
பில்லைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. 350 என்று சேகர் சொல்வதை எதை வைத்து நம்புவது? நான் போனபோது இவ்வளவு இல்லை. படத்தைப் போடச் சொல்லுங்கள்.

மயிலை சேகர்
போடுகிறேன். கடைப் பெயரை மறைத்துவிட்டுத்தான் போடுவேன், அந்தப் பையன் வேலைக்கு வினை வரக் கூடாது.

ஒரகடம்காரன்
பெயரை மறைத்தால் அது எந்தக் கடைப் பில் என்று யாருக்குத் தெரியும்? செல்லாது.

கணக்குப்பிள்ளை
பெயரை மறைக்கும்போது ஜிஎஸ்டி எண்ணையும் மறையுங்கள் சேகர் சார், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வரி போட்ட இடம் மட்டும் தெரிந்தால் எனக்குப் போதும்.

ஒரகடம்காரன்
அதையும் மறைத்தால் சுத்தமாகச் செல்லாது.

வியாசை வேலு
நீ வாபஸ் வாங்குற வரைக்கும் நானும் இங்கயேதான் இருப்பேன் சார்.