கார் பேட்டரி அடிக்கடி இறங்கிப்போனபோது அளந்து கண்டவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதிகளிலிருந்து மூவர் எழுதியவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

பேட்டரி இறங்கிவிடுகிறது என்றாலே, புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள் என்ற யோசனைதான் முதலில் வருகிறது. என் மைத்துனரும் அதைக் கேட்டு ஓராண்டுக்குள்ளாகவே பேட்டரியை மாற்றியிருந்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலையில் கிளம்ப மறுத்தது. அவர் மறுபடியும் கடைக்குப் புறப்பட்டபோது, "மச்சான், காசைக் கொட்டுவதற்கு முன்னால் வண்டியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லி நிறுத்தினேன்.

ஓடி நின்ற வண்டியில் உடனே மல்டிமீட்டரை (மின் அளவு காட்டும் கருவி) வைத்தால், பேட்டரித் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னேற்றம் அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே முகப்பு விளக்குகளை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் அளப்பது, அல்லது சில மணி நேரம் கழித்து அளப்பது நல்லது. முழுதாக ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் வந்ததால், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்கிறது என்பதும் தெரிந்தது. சார்ஜரில் போட்டு நிரப்பிய பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இரவு முழுதும் அப்படியே விட்டோம். காலையில் 12.6 குறையவில்லை. பேட்டரி நல்ல பேட்டரிதான், குடிப்பது வண்டி என்று அப்போது உறுதியாயிற்று. ரேடியோவுக்குப் பூட்டு எண் கேட்கும் வண்டியாக இருந்தால், கேபிளைக் கழற்றுவதற்கு முன்பே அந்த எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தனித் தலைவலி.

எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மீட்டரை இணைத்தோம். கதவு திறந்திருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொண்டே இருந்தால் அது உறங்காது. அதனால் கதவுப் பூட்டையும் பானட் பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடிய நிலைக்குக் கொண்டுவந்தோம். மீட்டர் முதலில் இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்டியது. பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனெனில் உள்ளே இருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அடங்கச் சில வண்டிகளில் அரை மணி நேரமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது எண் 0.31 ஆம்பியரில் நின்றிருந்தது. 0.05-க்குள் இருக்க வேண்டியது அது. ஒரு நாளுக்கு 7.4 ஆம்பியர்-மணி என்று கணக்கிட்டால், 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி மூன்று நாளில் போய்விடும். வார நாட்களின் குறுகிய ஓட்டத்தில் பேட்டரி முழுதாக நிரம்புவதும் இல்லை என்பதால், திங்கட்கிழமைக் கதைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. இப்படி மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும்.

வண்டியின் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் உறங்கிய பெட்டிகள் விழித்துக்கொள்ளும் என்பதால், பிடுங்காமலே ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்த்தேன்; மின்சாரம் ஓடும் ஃப்யூஸில் சிறு அளவு தெரியும். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அப்படியானால் மின்சாரம் ஃப்யூஸ் பெட்டியின் வழியாகவே போகவில்லை. பாசிட்டிவ் முனையைச் சுற்றித் தடவிப் பார்த்தபோது, கறுப்பு டேப் சுற்றிய மெல்லிய வயர் ஒன்று தனக்கென்று ஒரு சிறு ஃப்யூஸுடன் டாஷ்போர்டுக்குள் போவது கைக்குத் தட்டுப்பட்டது. அந்த ஃப்யூஸை எடுத்தவுடன் மீட்டர் 0.02-க்கு இறங்கியது.

அது திருட்டுக்கு எதிராகப் பொருத்திய, வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர். தென்னாப்பிரிக்காவில் காப்பீட்டாளர்கள் பலரும் பல வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்குவதால் நம்மில் பலருடைய வண்டிகளிலும் இது இருக்கிறது. ஆனால் பேட்டரி இறங்கும்போது ஒருவருக்கும் இதன் நினைவு வருவதில்லை. அதன் உள்ளே இருக்கும் துணை பேட்டரி கெட்டு, ஓயாமல் மின்னேற்றம் கேட்டுக்கொண்டிருந்தது என்று பொருத்துபவர் பிரித்துப் பார்த்துச் சொன்னார். காப்பீட்டு நிபந்தனை இருக்கும்போது அதை நாமே கழற்றி எறிவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடமே கொடுத்துக் கருவியை மாற்றிக்கொண்டோம்.

பீனிக்ஸிலிருந்து:

சாட்ஸ்வொர்த் ஐயா சொன்னபடியே அளந்தேன்; ஃப்யூஸ்களில் ஒன்றும் இல்லை, என் வண்டியில் டிராக்கரும் இல்லை. கடைசியில் அகப்பட்டது ஆல்டர்னேட்டர். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய, அதன் உள்ளே இருக்கும் டயோடு கசிந்தால், நின்ற வண்டியிலும் மின்சாரம் பின்வழியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டரின் பருத்த கேபிள் நேரே பேட்டரிக்குப் போவதால் உட்புற ஃப்யூஸ் பெட்டி இதைக் காட்டிக்கொடுக்காது. இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் தொட்டபோது எஞ்சின் குளிர்ந்திருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறுமின் (AC) அளவுக்குத் திருப்பிப் பேட்டரி முனைகளில் பார்த்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியதால் சந்தேகம் உறுதியானது. சோதனைக்காக அந்தக் கேபிளைக் கழற்ற நினைப்பவர்கள், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் எடுத்துவிட வேண்டும்.

பிளஃபிலிருந்து:

எங்கள் பக்கம் கடற்காற்று. கசிவு எதுவும் இல்லாமலே வண்டி கிளம்பாமல் போனது. ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது பேட்டரி முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் இடையே அளந்தேன். ஏறத்தாழ ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தது. கிளாம்பைக் கழற்றியபோது உள்பக்கம் முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது. சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, வாசலின் பூசி இறுக்கினேன். பேட்டரி பழையதேதான், இன்னும் ஓடுகிறது.