நமக்குப் பொருந்தும் போர்ட்ரெய்ட் போட்டோகிராபரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைவாசல்:
வணக்கம். 46 வயதில் எனக்கென்று ஒரு நல்ல போர்ட்ரெய்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசை. விசேஷம் எதுவும் இல்லை. வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாரும் இருக்கிறார்கள், கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்த நான் மட்டும் இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துப் பார்த்தேன். படம் கைக்கு வந்தபோது என் மாநிறம் வெளுத்திருந்தது, கண்ணுக்குக் கீழே கோடுகளைக் காணோம், சின்ன வயதில் விழுந்து இடது புருவத்தில் ஏற்பட்ட தழும்பைக்கூட அழித்திருந்தார்கள். அம்மா பார்த்துவிட்டு "யாருடி இது?" என்று கேட்டார். அன்றைக்கு டிராயரில் போட்டதை இன்னும் வெளியே எடுக்கவில்லை.

இப்போது நாலு பேருடைய படங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவர் வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று எடுக்கிறார், இன்னொருவர் படத்தில் பாதி முகம் இருட்டு, மூன்றாமவர் மரங்களுக்கு நடுவே மாலை வெயிலில், நாலாமவர் எல்லாமே கறுப்பு வெள்ளை. நாலுமே அழகாகத்தான் இருக்கின்றன. என் முகத்துக்கு எது சரிவரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாய்வெளிச்சம்:
பத்து வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் பக்கத்தில் போட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். நூறு பேரை எடுத்து ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்கிப் போட்டால் யாருடைய படமும் அழகாகத்தான் இருக்கும். "ஒரே ஒருவரை எடுத்தபோது அவருக்குக் கொடுத்த படங்கள் மொத்தத்தையும் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். எடுக்கப்பட்டவர் சம்மதித்தால் தாராளமாகக் காட்டலாம். முதல் அஞ்சு படத்தில் எல்லாரும் விறைப்பாகத்தான் நிற்பார்கள், இருபதாவது படத்திலும் அதே விறைப்பு இருந்தால் அவருக்கு ஆளைத் தளர்த்தத் தெரியவில்லை என்று அர்த்தம். உங்கள் வயதை ஒட்டியவராக, உங்கள் நிறத்தில் ஒருவரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இருபது வயதுப் பெண்ணை அழகாக எடுத்திருப்பதை வைத்து உங்களை எப்படி எடுப்பார் என்று சொல்லவே முடியாது.

அடுத்து நிறம். முகத்தை மட்டும் பார்க்காமல் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பாருங்கள். கை ஒரு நிறம், முகம் அதைவிட இரண்டு படி வெளுப்பு என்றால் எடிட்டிங்கில் வெளுக்க வைத்திருக்கிறார். உங்கள் ஸ்டுடியோ செய்தது இதைத்தான், இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமாகவே வந்தது.

அப்புறம் கண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கருவிழியில் வெளிச்சம் பிரதிபலிப்பது தெரியும். ஜன்னல் மாதிரி பெரிய கட்டமாக இருந்தால் அது மென்மையான வெளிச்சம், நிழலின் ஓரம் கரைந்து போகும். ஊசிமுனைப் புள்ளியாக இருந்தால் கடுமையான வெளிச்சம். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம் கோடுகளை மழுங்கடிக்கும், பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக் காட்டும். பாதி முகம் இருட்டு என்றீர்களே, அந்தப் படங்களில் இருட்டுப் பக்கக் கன்னத்தில் சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழுந்திருக்கிறதா பாருங்கள், அதற்கு ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்று பெயர். உங்கள் கோடுகளும் தழும்பும் அப்படியே வேண்டும் என்றால் இந்த ஆளைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

கல்யாணமுருங்கை:
ஸ்டைல் எல்லாம் சரி, ஆளோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 1941 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் யூசுப் கார்ஷ் என்ற போட்டோகிராபர், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் சுருட்டைப் பிடுங்கிய கையோடு எடுத்த படத்தைத்தான் உலகமே பார்த்திருக்கிறது. சர்ச்சிலுக்கு அது சரி. என்னிடம் யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்கு முழுக்க முகம் இறுகியே கிடக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் போனில் பேசினேன். ஒருவர் எத்தனை படம், எத்தனை உடை என்பதை மட்டும் சொன்னார், இன்னொருவர் "உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த படம் ஏதாவது இருக்கிறதா? எதனால் பிடிக்கும்?" என்று கேட்டார். இரண்டாமவரிடம்தான் போனேன்.

தூரப்பார்வை:
அக்கா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். செல்ஃபியைப் பார்த்து "என் மூக்கு பெரிசு, எந்த ஸ்டைலும் எனக்குச் சரிவராது" என்று நினைப்பவர்கள் நிறைய. அது தூரத்தால் வருவது. முகத்துக்கு 30 சென்டிமீட்டரில் எடுத்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் கட்டுரையே வந்தது. போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் பலரும் 85 மி.மீ. லென்ஸைக் கையில் எடுப்பது இதற்காகவும்தான், தள்ளி நின்றே முகத்தை நிறைக்கலாம். அப்புறம் கண்ணாடியில் தினமும் பார்ப்பது இடவலம் மாறிய முகம், அதனால் நல்ல படம்கூட முதலில் அந்நியமாகத் தெரியும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

மழைவாசல்:
எல்லாருக்கும் நன்றி. மொத்தப் படங்களையும் காட்ட முடியுமா என்று நாலு பேரிடமும் கேட்டேன், இரண்டு பேர் அனுப்பினார்கள். பாதி இருட்டுக்காரர் அனுப்பியது 38 படங்கள், எல்லாம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நடுவில் ஒரு படத்தில் கேமராவையே மறந்து நழுவிய முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறார், கைவிரலும் கன்னமும் ஒரே நிறம். அந்த ஒரு படத்தையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பேசிவிட்டேன், சனிக்கிழமை போகிறேன். தழும்பைத் தொடக்கூடாது என்று சொல்லியும் ஆயிற்று. ஒரே சந்தேகம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடவா?

சாய்வெளிச்சம்:
தினமும் போடுகிறீர்கள் என்றால் போட்டுக்கொண்டே போங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விளக்கைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் கண்ணாடியில் பளபளப்பு விழாது. அப்படியும் விழுந்தால் கண்ணாடிக் காம்பை காதிலிருந்து துளி உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் தெரியவே தெரியாது.