மூன்றாவது கூறு: மெய்ப்பாடா, ஊறலா, தோய்வா?

மயிலாடுதுறை அம்மாவுக்கும் திருவாரூர்த் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

மைண்ட்ஃபுல்னெஸ் ஆசிரியர்களை மதிப்பிடும் படிவத்தின் தமிழாக்கம், எம்பாடிமென்ட் என்ற மூன்றாவது கூறுக்குச் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, அதாவது இந்த நொடியில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி, எங்கும் பரவியதும், அதை நடத்துகிறவருக்கு நிஜமாகவே நடத்தத் தெரியுமா என்று பார்க்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பேங்கர், எக்ஸிடர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் சேர்ந்து ஆறு கூறுகள், ஆறு படிகள் என்று ஒன்றைச் செய்தார்கள். அதைத்தான் தமிழாக்குகிறோம்.

அந்த அளவுகோல் அளக்கிற காம்பிடன்ஸ் என்பதற்குத் 'தகுதி' வேண்டவே வேண்டாம். தகுதி என்றாலே நம் ஆட்களுக்குச் சான்றிதழும் வயது வரம்பும்தான் ஞாபகம் வரும். 'பயிற்றுத்திறன்' போதும், அதில் சண்டை இல்லை.

மைண்ட்ஃபுல்னெஸ்ஸுக்கு அம்மா சொன்ன 'கடைப்பிடி' எனக்கு முழுச் சம்மதம். பௌத்தத்தின் எண்வழியில் ஏழாவதைத் தமிழில் நற்கடைப்பிடி என்றே சொல்கிறோம். இறையனார் களவியல் உரையோ கடைப்பிடி என்பதைக் கொண்ட பொருள் மறவாமை என்கிறது. பாலி மொழியில் மைண்ட்ஃபுல்னெஸ்ஸைக் குறிக்கும் சதி என்ற சொல்லுக்கும் நினைவு என்பதுதானே அடிப்பொருள்? நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாம் புதிதாகச் சொல் தேடியதுதான் வேடிக்கை.

இனி எம்பாடிமென்ட். ஆசிரியர் கற்பிக்கிற விஷயம் அவர் இருப்பிலேயே தெரிகிறதா என்பதுதான் இந்தக் கூறு. 'உடலாக்கம்' என்று தம்பி எழுதியதைப் படித்தால் ஜிம் விளம்பரம் போல இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மா 'மெய்ப்பாடு' என்கிறார்கள், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. அழகான சொல், ஆனால் இந்த இடத்துக்கு ஆபத்தானது. மெய்ப்பாட்டை நடிக்க முடியும், மேடையில் அழுகிறவர் உள்ளே அழ வேண்டியதில்லை. பாதி மூடிய கண், தேன் தடவிய குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு மைல் மௌனம், இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்பதுதானே நம் கவலை! தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் நகை, அழுகை, அச்சம், வெகுளி எல்லாம் இருக்கின்றன, அமைதி இல்லை என்பதையும் அம்மா யோசிக்க வேண்டும்.

போன வருஷம் கும்பகோணத்தில் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். எல்லோர் உள்ளங்கையிலும் ஆளுக்கொரு உலர்திராட்சை. ஆசிரியர் அதன் சுருக்கத்தைப் பார்க்கச் சொன்னார், முகரச் சொன்னார், காதருகே உருட்டிக் கேட்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் சாவு மேளம். பறைச்சத்தம் கிட்டே வர வர அவர் குரலும் ஏறியது. கடைசியில் "அதைக் கண்டுக்காதீங்க, திராட்சையைக் கவனிங்க" என்றவர், ஜன்னலைச் சாத்தச் சொல்லி வாட்ச்மேன் மேல் எரிந்து விழுந்தார். பாடம் வரிசையாக நடந்தது, நேரத்துக்கு முடிந்தது, முதல் கூறில் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஆனால் மேளத்தையும் கேளுங்கள் என்று சொல்லத் தோன்றாதவருக்கு மூன்றாவதில் என்ன போடுவது? அந்த இடத்தை அளக்கத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

நான் முதலில் யோசித்தது 'ஊறல்'. விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைக்கிறோம். ஊறியதா இல்லையா என்பதை வெள்ளையாக முளை எட்டிப் பார்ப்பதிலேயே தெரிந்துகொள்ளலாம், நெல்லிடம் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் இதைச் சொன்னேன். தினசரியில் ஊறல் என்றால் போலீஸ் கொட்டி அழிக்கிற சரக்குதானே என்றார்கள். சரி, போயிற்று.

அப்புறம் வந்ததுதான் 'தோய்வு'. சாயத்தில் தோய்ந்த பட்டுநூலில் நிறம் மேலோடு நிற்பதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. கடைப்பிடித் தோய்வு, தோய்ந்த ஆசிரியர், தோய்வு போதவில்லை என்று எப்படித் திருப்பினாலும் வளைகிறது. மதிப்பிடுகிறவர் வகுப்பின் வீடியோவைப் பார்த்துவிட்டு "தோய்வு குறைவு" என்று இரண்டே சொல்லில் எழுதிவிடலாம்.

ஒரே பயம், தட்டச்சில் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு மாறினால் 'தொய்வு' ஆகிவிடும். அதுவும் ஆறாவது படியில், உச்சத்தில் இருக்கிறவரின் படிவத்தில். பிழை திருத்தும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டால் நான் இதற்கே ஓட்டுப் போடுகிறேன்.