மூணு நோடு ப்ராக்ஸ்மாக்ஸ்: விஎம் டிஸ்க்குகளை செஃபில் வைப்பதா, இசட்எஃப்எஸ்ஸிலா?

கேள்வி:
வணக்கம். விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர்: மூன்று நோடு (சர்வர்), ஒவ்வொன்றிலும் 64 ஜிபி ரேம், விஎம்களுக்கென 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி இரண்டு. டெஸ்க்டாப் ரகம்தான். நெட்வொர்க் 1 ஜிகாபிட். விஎம் டிஸ்க்குகள் இப்போது நோடுகளுக்கிடையே பிரதி வைக்கும் செஃபில்; பூல் சைஸ் 3 (மூன்று பிரதி), மின்-சைஸ் 2 (இரண்டு பிரதியாவது இருந்தால்தான் படிக்க, எழுத விடும்). போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் விஎம் மட்டும் கமிட்டுக்குக் கமிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் உறுதிசெய்து எழுதும்போது) இழுக்கிறது. செஃபிலிருந்து 'ஸ்லோ ஆப்ஸ்' (வேலை தாமதம்) எச்சரிக்கையும் வருகிறது. டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' ஆக்கினால் பறக்கிறது. அப்படியே விடலாமா, கிளஸ்டர்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு ஸ்டோரேஜுக்கு மாறலாமா?

பதில் 1:
முதலில் அன்சேஃபை எடுங்கள். விஎம் அனுப்பும் ஃப்ளஷ்ஷை ('கேஷில் இருப்பதை டிஸ்க்கில் எழுது' என்ற கட்டளையை), விஎம்மை ஓட்டும் கியூஎமு அந்த மோடில் கண்டுகொள்ளவே செய்யாது. போஸ்ட்கிரெஸ் எழுதியாச்சு என்று நம்பும் தரவு ஹோஸ்ட் ரேமில்தான் நிற்கும். கரண்ட் போனால் கமிட்டும் போச்சு, டேட்டாபேஸே கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. கிளஸ்டர்எஃப்எஸ் வேண்டாம், ப்ராக்ஸ்மாக்ஸ் 9இல் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

செஃபில் ஒரு ரைட் முதன்மை ஓஎஸ்டிக்கு (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் ப்ராசஸ்) போய், அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் போய், மூன்றிலும் பதிந்த பிறகே 'சரி' என்று திரும்பும். மூன்றில் எது மந்தமோ அதன் வேகம்தான் உங்களுக்கு. மின்தடைப் பாதுகாப்புக் கெபாசிட்டர் உள்ள சர்வர் எஸ்எஸ்டி, ஃப்ளஷ் வந்ததும் தன் கேஷை நம்பி உடனே பதில் தந்துவிடும். டெஸ்க்டாப் ரகம் ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷில் எழுதி முடித்தாக வேண்டும். பெட்டியில் அச்சிட்ட லட்சக்கணக்கான ஐஓபிஎஸ் (வினாடிக்கு எத்தனை ரீட்/ரைட்) இங்கே செல்லாது.

ஓஎஸ்டியிலிருந்து கழற்றிய ஒரு டிஸ்க்கில் ஃபியோ (டிஸ்க் வேகம் அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள்: 4கே ரைட், கியூ ஆழம் 1, ஜாப் 1, டைரக்ட் 1, சிங்க் 1, 60 வினாடி. டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும், கவனம். சில நூறு ஐஓபிஎஸ்தான் வருகிறதென்றால் டிஸ்க்தான் குற்றவாளி. நல்ல சர்வர் ரகம் பத்தாயிரத்தைத் தாண்டும்.

பதில் 2:
நெட்வொர்க்கும் போதாது. 1 ஜிகாபிட்டில் வினாடிக்கு 110 எம்பி சொச்சம்; முதன்மை ஓஎஸ்டி அதே கேபிளில் இரண்டு பிரதி அனுப்பவேண்டும், மிஞ்சுவது 55. செஃபுக்கென்று தனியாக 10 ஜிகாபிட் கொடுங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று: நோடுக்கு ஒரு பிரதி என்பது விதி. ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்த பிரதிகள் அதே நோடின் இன்னொரு டிஸ்க்கில்தான் போய் விழும். இரண்டும் 50% நிறைந்திருந்தால் மிச்ச டிஸ்க் வழியும். 95% தொட்டாலே செஃப் ரைட்டை நிறுத்திவிடும். 40%க்கு மேல் போகாதீர்கள். இடம் மிச்சம் என்று சைஸ் 2, மின்-சைஸ் 1 வைப்பது தரவைப் பணயம் வைப்பது.

கேட்டவர்:
இப்போதைக்கு டிஸ்க், ஸ்விட்ச் வாங்க வழியில்லை. டேட்டாபேஸ் தவிர மற்றவற்றில் கடைசி 5 நிமிடம் போனால் சமாளிக்கலாம்.

பதில் 1:
அப்படியென்றால் ஒவ்வொரு நோடிலும் இசட்எஃப்எஸ் மிரரும் (இரு டிஸ்க்கிலும் ஒரே தரவு), குறித்த இடைவெளியில் விஎம் டிஸ்க்கை வேறு நோடுக்குப் பிரதியெடுக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் ரெப்ளிகேஷனும் போதும். கமிட் நெட்வொர்க்கைத் தாண்டாது, உள்ளூர் டிஸ்க்கோடு முடியும். கிளஸ்டருக்கு வெளியே முழு பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு நோடின் ஓஎஸ்டிகளை நீக்கி அங்கே மிரர் போடுங்கள். மொத்த விஎம் தரவு 700 ஜிபிக்குள் இருந்தால் எல்லாவற்றையும் அதற்கு நகர்த்தலாம். அந்த இடைவெளியில் இன்னொரு டிஸ்க் போனால் மின்-சைஸ் 2 காரணமாக ஐஓ நின்றுவிடும், பேக்கப் அதற்குத்தான். பிறகு செஃபைக் கலைத்து மற்ற இரண்டிலும் மிரர் போடுங்கள். ஸ்டோரேஜ் பெயர் மூன்றிலும் ஒன்றாக இல்லாவிட்டால் ரெப்ளிகேஷன் ஓடாது. இயல்பு இடைவெளி 15 நிமிடம், அதை 5 ஆக்குங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மட்டும் இதை நம்பவேண்டாம். வேறு நோடில் இரண்டாவது விஎம் வைத்து அதன் சொந்த ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனை சிங்க்ரனஸாக (அந்த இரண்டாவதும் எழுதிய பிறகே கமிட் முடியும்படி) ஓட்டுங்கள். ஸ்டாண்ட்பை (அந்த இரண்டாவது விஎம்) விழுந்தால் கமிட் காத்துக்கொண்டே நிற்கும், அதற்கு அலர்ட் வையுங்கள்.